அணுவியல் அறிஞர் பாபா

ஒரு நாடு செழிக்க வேண்டுமானால் அந்நாட்டில் ஆற்றல் பெருக வேண்டும். வயலுக்கு நீர் இறைக்கவும், ஆலைச் சக்கரம் சுழலவும், இல்லந்தோறும் விளக்கு எரியவும் மின்னாற்றல் தேவை. அவ்வாற்றலை மக்கள் நிலக்கரியினின்றும் ஆற்று நீரினின்றும் பெற்று வந்தனர். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் புதிய ஊற்று ஒன்று திறந்தது. அணுவின் கருவைப் பிளந்தால் அளவிறந்த வெப்பம் வெளிப்படும் என்பதை அறிவியலார் கண்டறிந்தனர். ஆயினும், அவ்வூற்றின் திறவுகோல் ஒருசில வல்லரசுகளின் கையிலேயே இருந்தது. அணுவை ஆளும் அறிவும், உலை அமைக்கும் பெருஞ்செல்வமும், உலைக்குரிய எரிபொருளும் அவர்களிடமே குவிந்து கிடந்தன. புதிதாக விடுதலை பெற்ற ஏழை நாடு ஒன்று அவர்களை நாடாமல் அணுவின் பயனை அடைதல் அரிது. நாடினாலோ, கொடுக்கும் கை மேலும் வாங்கும் கை கீழுமாக அமைவது உலக இயல்பு. கை தாழாமல் வாங்குவது எவ்வாறு? இந்த வினாவுக்கு விடை காண்பதிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்டவர் ஹோமி ஜஹாங்கீர் பாபா.

பாபா 1909ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 30ஆம் நாள் பம்பாய் நகரில் பார்சிக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். அவர் தந்தையார் ஜஹாங்கீர் பாபா சட்டம் பயின்றவர். பாட்டனார் மைசூர் நாட்டில் கல்வித் துறையின் தலைமைப் பொறுப்பை வகித்தவர். அத்தையார் டாட்டா குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். எனவே, கல்வியும் செல்வமும் ஒருங்கே விளங்கிய சூழலில் அவர் வளர்ந்தார். வீட்டில் நல்ல நூல்கள் நிறைந்திருந்தன, இசைத்தட்டுகள் ஒலித்தன. இளமையிலேயே அவருக்கு ஓவியத்திலும் இசையிலும் ஈடுபாடு உண்டாயிற்று. எனினும், அவர் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தவை கணக்கும் இயற்பியலுமே.

1927ஆம் ஆண்டு அவர் இங்கிலாந்திலுள்ள கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்திற்குச் சென்றார். அவர் பொறியியல் கற்றுத் திரும்பி, ஜாம்ஷெட்பூரிலுள்ள டாட்டா இரும்பாலையில் பணியேற்க வேண்டும் என்பது தந்தையாரின் விருப்பம். மகனுடைய நாட்டமோ இயற்பியலின்பால் இருந்தது. அவர் தம் உள்ளக் கிடக்கையை மறைக்காமல் தந்தையாருக்கு எழுதினார். தந்தையாரும் சினம் கொள்ளவில்லை. பொறியியலில் முதல் வகுப்பில் தேறினால், மேலும் தங்கிக் கணக்குப் பயிலப் பொருள் உதவுவதாக வாக்களித்தார். மகன் அவ்வாறே தேறினார். தந்தை வாக்கைக் காத்தார். பின்னர்ப் பாபா விண்கதிர்களைப் பற்றி ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றார். எலக்ட்ரானும் பாசிட்ரானும் ஒன்றையொன்று மோதிச் சிதறும் முறையை அவர் கணக்கிட்டுக் கூறினார். அந்நிகழ்ச்சி இன்றும் பாபா சிதறல் என்றே வழங்குகின்றது. 1941ஆம் ஆண்டு இலண்டன் அரசக் கழகத்தார் அவரைத் தம் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தனர். அப்போது அவருக்கு வயது 31.

1939ஆம் ஆண்டு பாபா விடுமுறைக்காகத் தாயகம் வந்திருந்தார். அவ்வேளையில் இரண்டாம் உலகப் போர் மூண்டது. கேம்பிரிட்ஜுக்குத் திரும்ப இயலவில்லை. பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் கழகத்தில் அவர் பணியேற்றார். அங்கே இயற்பியல் துறையில் தலைமை பூண்டிருந்தவர் சர் சி. வி. இராமன். சில திங்கள் தங்க வந்தவர் அங்கேயே நிலைத்துவிட்டார். வெளிநாட்டில் பெரும்பதவிகள் தமக்குக் கிடைக்கும் என்பதை அவர் அறிவார். ஆயினும், தாய்நாட்டில் அறிவியலை வளர்ப்பதே தம் கடமை என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் வேரூன்றியது.

அவ்வெண்ணத்தின் முதற் கனியே 1944ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அவர் டாட்டா அறநிலையத்தார்க்கு எழுதிய மடல். அடிப்படை அறிவியலை ஆராய்வதற்கு உயர்ந்த கழகம் ஒன்றை நிறுவ வேண்டும் என்று அவர் அதில் வேண்டினார். இன்னும் இருபது ஆண்டுகளில் அணுவினின்று மின்சாரம் எடுக்கும் காலம் வரக்கூடும்; அப்போது இந்தியா வல்லுநர்களைத் தேடி அயல்நாடு செல்லாமல், அவர்களைத் தன் வீட்டிலேயே பெற்றிருக்க வேண்டும் என்பது அம்மடலின் கருத்து. மாணவர்களே, இம்மடல் எழுதப்பட்ட காலத்தை எண்ணிப் பாருங்கள். ஹிரோஷிமா நகரின்மேல் அணுகுண்டு விழ இன்னும் ஓராண்டுக்கு மேல் இருந்தது. இந்தியா விடுதலை பெறவும் இல்லை. பணத்தைப் பற்றி எண்ணுமுன் ஆட்களைப் பற்றி எண்ணியதே பாபாவின் தனிச் சிறப்பு. அவர் விரும்பியவாறே 1945ஆம் ஆண்டில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகம் தோன்றியது.

விடுதலைக்குப்பின், 1948ஆம் ஆண்டு, அணு ஆற்றல் சட்டம் நிறைவேறியது. அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில் அணு ஆற்றல் ஆணைக்குழு அமைந்தது. பாபா அதன் தலைவரானார். சாந்தி சொரூப் பட்நாகரும், தமிழ்நாட்டு வத்திராயிருப்பிற் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனும் ஏனைய உறுப்பினர்கள். தலைமை அமைச்சர் நேரு பாபாவிடம் பெருநம்பிக்கை கொண்டிருந்தார்.

நாட்டில் என்ன பொருள் உண்டு என்று பாபா முதலில் ஆராய்ந்தார். யுரேனியம் சிறிதளவே இருந்தது. ஆனால், தென்கோடிக் கடற்கரையில் இயற்கை ஒரு புதையலை வைத்திருந்தது. இன்று குமரி மாவட்டத்தில் உள்ள மணவாளக்குறிச்சியின் கடற்கரை மணலில் மோனசைட் என்னும் கனிமம் கலந்திருப்பதைப் பாபா பிறந்த அதே 1909ஆம் ஆண்டில் செருமானியர் ஒருவர் கண்டறிந்தார். அதில் தோரியம் என்னும் உலோகம் உள்ளது. தோரியம் தானே எரிபொருள் ஆகாது. ஆயினும், அணு உலையில் வைத்தால் அது யுரேனியத்தின் ஒரு வகையாக மாறி எரிபொருளாகும். அம்மணலை மலிந்த விலைக்கு அயலார்க்கு விற்பதை இந்திய அரசு தடுத்தது. பிரெஞ்சு நிறுவனம் ஒன்றன் துணையுடன், மோனசைட்டைப் பதப்படுத்தும் ஆலை ஆல்வாயில் எழுந்தது.

இம்மணல் எத்துணை மதிப்புடையது என்பதை 1951ஆம் ஆண்டின் நிகழ்ச்சி ஒன்று காட்டும். அப்போது நாட்டில் உணவுத் தட்டுப்பாடு மிகுந்திருந்தது. கோதுமை வாங்க அமெரிக்காவிடம் 19 கோடி டாலர் கடன் கேட்க நேர்ந்தது. கடனுக்கு ஈடாக மோனசைட்டைப் பெற வேண்டும் என்று அமெரிக்கப் பேரவையினர் பலர் வற்புறுத்தினர். பசியோடு நின்ற வேளையிலும் நேரு அதற்கு இணங்கவில்லை. கோதுமை வந்தது, மணல் நம் கரையிலேயே தங்கியது.

இப்பொருள்களை மனத்திற்கொண்டு பாபா மூன்று படிகள் கொண்ட திட்டம் ஒன்றை 1954ஆம் ஆண்டில் வகுத்தார். முதற்படியில், இயற்கை யுரேனியத்தை உலைகளில் எரித்து மின்சாரம் பெறுதல். அப்போது புளூட்டோனியம் என்னும் பொருள் உண்டாகும். இரண்டாம் படியில், அப்புளூட்டோனியத்தை எரிபொருளாக்கி, எரித்ததைவிட மிகுதியாக எரிபொருளை விளைக்கும் உலைகளை அமைத்தல். மூன்றாம் படியில், தோரியத்தினின்று பிறந்த எரிபொருளால் உலைகளை இயக்குதல். விதை நெல்லைக் கடன் வாங்கிய உழவன் ஆண்டுதோறும் கடன் வாங்குவானல்லன். முதல் விளைச்சலினின்றே அடுத்த ஆண்டின் விதையைச் சேர்த்து வைப்பான். பாபாவின் திட்டமும் அத்தகையதே.

விதையை எங்கிருந்து பெறுவது? பாபா ஒரே வாயிலில் நிற்கவில்லை. பம்பாய்க்கு அருகிலுள்ள டிராம்பேயில் இந்திய அறிஞர்களும் பொறியாளர்களும் சிறிய ஆராய்ச்சி உலை ஒன்றை அமைத்தனர். அதற்கு வேண்டிய எரிபொருளை மட்டும் இங்கிலாந்து அளித்தது. 1956ஆம் ஆண்டு ஆகஸ்டு 4ஆம் நாள் அவ்வுலை இயங்கத் தொடங்கியது. நீருக்குள் ஒளிர்ந்த அதன் நீலநிற எழிலைக் கண்ட நேரு அதற்கு அப்சரா எனப் பெயரிட்டார். அடுத்து, கொழும்புத் திட்டத்தின்கீழ்க் கனடா நாடு பெரிய ஆராய்ச்சி உலை ஒன்றை வழங்க முன்வந்தது. அதற்கு வேண்டிய கனநீரை அமெரிக்கா அளித்தது. எரிபொருட் கோல்களில் ஒரு பாதியை இந்தியர் தாமே செய்தனர். சைரஸ் எனப்பட்ட அவ்வுலை 1960ஆம் ஆண்டு இயங்கியது. இங்கிலாந்திலும் கனடாவிலும் அணுத்துறையை நடத்தியவர் சிலர் கேம்பிரிட்ஜில் பாபாவோடு பழகியவர்கள். அந்தப் பழைய நட்பு நாட்டிற்குப் பயன்பட்டது.

1955ஆம் ஆண்டு ஜெனிவா நகரில் அணுவை ஆக்க வழியிற் பயன்படுத்துதல் பற்றிய முதல் உலக மாநாடு நடந்தது. 73 நாடுகளின் அறிஞர்கள் கூடிய அம்மாநாட்டிற்குப் பாபா தலைமை தாங்கினார். பகைமை பாராட்டி நின்ற வல்லரசுகளின் அறிவியலார் அங்கே ஒரே மன்றத்தில் அமர்ந்து தாம் மறைத்து வைத்திருந்தவற்றுட் பலவற்றை வெளியிட்டனர். ஏழை நாடுகளின் மக்கள் செல்வ நாட்டார்போல் வாழ வேண்டுமானால் நிலக்கரியும் எண்ணெயும் நெடுங்காலத்திற்குப் போதா என்பதைப் பாபா எடுத்துக்காட்டினார்.

அடுத்த ஆண்டு, உலக அணு ஆற்றல் அமைப்பிற்கு விதிகள் வகுக்கும் பேரவை நியூயார்க்கில் கூடியது. அங்கே பாபா கடும் போராட்டம் ஒன்றை நடத்த வேண்டியிருந்தது. உதவி பெறும் நாடுகள் அணுவைப் போர்க்கருவிக்குப் பயன்படுத்தாவண்ணம் அயலார் வந்து கண்காணிக்க வேண்டும் என்று வல்லரசுகள் கூறின. அச்சம் பொருளற்றதன்று. ஆனால், குண்டுகளைக் குவித்து வைத்திருந்த நாடுகளுக்கு அக்கண்காணிப்பு இல்லை. விளக்கேற்ற உதவி கேட்ட நாடுகளுக்கே உண்டு. இது உலகை உடையோர், இல்லோர் என இரு கூறாக்கும் என்று பாபா வாதிட்டார். விதிகள் முழுதும் அவர் விரும்பியவாறு அமையவில்லை. எனினும், ஏழை நாடுகளின் குரல் அப்பேரவையில் ஓங்கி ஒலித்தது.

பொருள் பற்றிய வினா எஞ்சி நின்றது. அனல் மின் நிலையம் கட்டச் செலவு குறைவு. ஆனால், நாள்தோறும் நிலக்கரி வேண்டும். அணு மின் நிலையத்திற்கு எரிபொருட் செலவு குறைவு. ஆனால், கட்டுவதற்கே பெருஞ்செல்வம் வேண்டும். அச்செல்வத்தைக் கடனாகப் பெற்றால் மின்சாரத்தின் விலையை வட்டியே பெரிதும் முடிவு செய்யும். முதல் இல்லாத நாடு இவ்வளவு முதலை ஓரிடத்தில் முடக்கலாமா என்று பொருளியலார் சிலர் வினவினர். நிலக்கரிச் சுரங்கங்களுக்கு அருகில் அணு நிலையம் வேண்டுவதில்லை என்பதைப் பாபாவும் ஒப்புக்கொண்டார். ஆனால், பம்பாய்ப் பகுதிக்கு நிலக்கரி ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து இருப்புப் பாதை வழியே வர வேண்டும். அத்தகைய இடங்களில் அணு மின்சாரம் விலையில் ஈடு கொடுக்கும் என்று அவர் கணக்கிட்டுக் காட்டினார்.

பம்பாய்க்கு வடக்கே தாராப்பூரில் முதல் அணு மின் நிலையம் அமைக்க 1960ஆம் ஆண்டு உலக நாடுகளிடம் ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டது. அமெரிக்க நிறுவனமான ஜெனரல் எலெக்ட்ரிக் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1963ஆம் ஆண்டு இரு நாட்டு அரசுகளும் ஒப்பந்தம் செய்தன. அமெரிக்க அரசு 8 கோடி டாலர் கடன் அளித்தது. வட்டி நூற்றுக்கு முக்கால். கடனைத் தீர்க்கும் காலம் 40 ஆண்டு. முதல் 10 ஆண்டுக்கு அசலைத் திருப்பித் தர வேண்டுவதில்லை. இதனினும் எளிய கடனை வணிகச் சந்தையில் யாரும் பெற இயலாது. ஆனால், அக்கடனோடு ஒரு கட்டும் வந்தது. தாராப்பூர் உலைகளுக்குச் செறிவூட்டிய யுரேனியம் வேண்டும். அதனை இந்தியா செய்ய இயலாது. அமெரிக்காவினின்றே பெற வேண்டும். அந்நிலையத்தில் அயலார் கண்காணிப்பையும் ஏற்க வேண்டும். நியூயார்க்கில் எதிர்த்து வாதிட்ட பாபா இங்கே அதற்கு உடன்பட்டார். அணு மின்சாரம் இந்நாட்டில் இயலும் என்பதை விரைவில் மெய்ப்பிக்க வேண்டும் என்பது அவர் நோக்கம். கண்காணிப்பு அந்நிலையத்தின் எல்லைக்குள் நிற்குமாறும் அவர் பார்த்துக்கொண்டார்.

அதே ஆண்டில் இராசத்தானத்துக் கோட்டா நகருக்கு அருகே இயற்கை யுரேனியத்தால் இயங்கும் மின் உலை ஒன்றை அமைக்கக் கனடாவுடன் ஒப்பந்தம் ஏற்பட்டது. அயல்நாட்டுப் பொருள்களை வாங்குவதற்குக் கனடாவே கடன் அளித்தது. நம் பொறியாளர் அவ்வுலையின் அமைப்பைக் கற்றுக்கொள்ளவும், கருவிகள் பலவற்றை நம் ஆலைகளிலேயே செய்யவும் அதனால் வழி பிறந்தது. பாபாவின் நெஞ்சுக்கு நெருக்கமான வழி இதுவே.

கடன் வாங்கிய ஒவ்வோர் இடத்திலும் அவர் ஆட்களை உருவாக்கினார். 1957ஆம் ஆண்டு டிராம்பேயில் பயிற்சிப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். இளைஞர்கள் ஆண்டுதோறும் அங்கே பயின்று அணுத்துறையின் பல பிரிவுகளிற் சேர்ந்தனர். அத்தகைய இளைஞர்கள் 1964ஆம் ஆண்டில் புளூட்டோனியத்தைப் பிரித்தெடுக்கும் ஆலையை அமைத்து இயக்கினர். புளூட்டோனியம் இருமுனைக் கத்தி போன்றது. உலைக்கும் உதவும், குண்டுக்கும் உதவும். அவ்வாண்டு அக்டோபரில் சீனா அணுகுண்டு வெடித்துச் சோதனை செய்தது. அப்போது பாபா வானொலியில் பேசினார். அணுகுண்டு செய்யப் பெருஞ்செலவு ஆகாது என்று கணக்குக் காட்டினார். அதே உரையில், உலக நாடுகள் படைக்கலங்களைக் குறைத்தல் வேண்டும் என்றும் வற்புறுத்தினார். அவர் கனவு காணும் இயல்பினர் மட்டுமல்லர். உலகின் போக்கை அறிந்தவரும் ஆவார்.

ஓயாத பணிகளுக்கு இடையிலும் பாபா கலையை மறக்கவில்லை. நண்பர்களின் உருவங்களைத் தம் கையால் வரைந்தார். மேலை இசையில் தோய்ந்தார். ஆராய்ச்சிக் கழகத்தின் சுவர்களை இந்திய ஓவியர்களின் படைப்புகளால் அணி செய்தார். மரம் ஒன்றை வெட்டுவதை அவர் மனம் பொறாது; கட்டடத்திற்கு இடையூறாக நின்ற மரங்களை வேரோடு பெயர்த்து வேறிடத்தில் நட்டுக் காத்தார். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை.

1966ஆம் ஆண்டு சனவரி 24ஆம் நாள், வியன்னாவில் நடக்கவிருந்த உலக அணு ஆற்றல் அமைப்பின் கூட்டத்திற்குப் பாபா விமானத்தில் சென்றுகொண்டிருந்தார். ஆல்ப்ஸ் மலைத் தொடரிலுள்ள மாண்ட் பிளாங்க் சிகரத்தின்மேல் அவ்விமானம் மோதி நொறுங்கியது. அதில் இருந்த 117 பேரும் மாண்டனர். அப்போது பாபாவுக்கு வயது 56. அவர் கோலிய தாராப்பூர் நிலையம் 1969ஆம் ஆண்டில் மின்சாரம் வழங்கத் தொடங்கியது. அதன் ஒளியை அவர் காணவில்லை. டிராம்பே நிலையம் 1967ஆம் ஆண்டு முதல் பாபா அணு ஆராய்ச்சி நிலையம் என அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

அவர் மறைந்தபின் அவர் தந்த விடை சோதனைக்கு உள்ளாயிற்று. 1974ஆம் ஆண்டு இந்தியா பொக்ரானில் நிலத்தடியில் அணுவெடிச் சோதனை நடத்தியது. அதற்கு உதவிய புளூட்டோனியம் சைரஸ் உலையில் விளைந்தது. ஆக்கப் பணிக்கென்று தந்த உலை இவ்வாறு பயன்பட்டதைக் கண்ட கனடா சினந்து உதவியை நிறுத்தியது. இராசத்தானத்தின் இரண்டாம் உலை பாதியில் நின்றது. பாபா உருவாக்கிய இளைஞர்கள் அதனைத் தாமே முடித்து 1981ஆம் ஆண்டில் இயக்கினர். 1978ஆம் ஆண்டு அமெரிக்கா புதிய சட்டம் ஒன்றை இயற்றியது. அதனால் தாராப்பூருக்கு வரவேண்டிய எரிபொருள் தடைப்பட்டது. பின்னர்ப் பிரான்சு அதனை வழங்கியது. வாங்கிய உலை அயலார் கையை எதிர்பார்த்து நின்றது. கற்றுக்கொண்ட உலை தன் காலில் நின்றது. தமிழ்நாட்டுக் கல்பாக்கத்தில் 1983ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய மின் உலை இந்தியர் தாமே அமைத்ததாகும்.

பாபா எண்ணியவை யாவும் நிறைவேறின என்று கூறுதல் பொருந்தாது. 1980ஆம் ஆண்டிற்குள் 8,000 மெகாவாட் அணு மின்சாரம் கிடைக்கும் என்று அவர் எதிர்பார்த்தார். அவ்வாண்டில் நாடு ஆயிரம் மெகாவாட்டைக்கூட எட்டவில்லை. அணுக்களை இணைத்து ஆற்றல் பெறும் வழி இருபது ஆண்டுகளில் கைகூடும் என்று ஜெனிவாவில் அவர் கூறியதும் பொய்த்தது. தோரியத்தால் மின்சாரம் பெறும் மூன்றாம் படி இன்னும் தொலைவிலேயே உள்ளது. நாட்டின் மின்சாரத்தில் அணுவின் பங்கு சிறிதே. செலவைப் பற்றிப் பொருளியலார் அன்று எழுப்பிய வினா இன்றும் ஓயவில்லை.

எனினும், பாபா காட்டிய வழியின் பெருமை குறையவில்லை. பின்வந்த நாடுகளும் அவர் நின்ற அதே வாயிலில் நிற்கின்றன. வங்காளதேசம் 2017ஆம் ஆண்டு ரூப்பூரில் தன் முதல் அணு மின் நிலையத்தைக் கட்டத் தொடங்கியது. அதற்கு வேண்டிய செல்வத்தில் பெரும்பகுதி உருசிய அரசின் கடன். உலையும் எரிபொருளும் அந்நாட்டினவே. நம் கூடங்குளத்து உலைகளும் உருசியத் துணையோடு எழுந்தவையே. கடன் வாங்குதல் இழிவன்று. யாரிடம் வாங்குகின்றோம், எந்தக் கட்டோடு வாங்குகின்றோம், வாங்கியதைக் கொண்டு நம் மக்கள் எதைக் கற்கின்றனர் என்பவற்றை எண்ணாமல் வாங்குதலே இழிவு.

மாணவர்களே, கடனை ஒருநாள் தீர்த்துவிடலாம். உலையும் ஒருநாள் பழுதாகும். கற்ற கல்வியைப் பறிப்பாரும் இல்லை, தடுப்பாரும் இல்லை. இதனை 1944ஆம் ஆண்டிலேயே உணர்ந்து, கட்டடம் எழுமுன் ஆட்களை எழுப்பிய பாபாவின் வாழ்க்கை நாம் எண்ணிப் போற்றத்தக்கதாகும்.